போட்டோ எடுத்தாச்சா டீச்சர்?

பென்னாகரம் வட்டாரத்தில் தொடக்கக் கல்வியால் முன்னுக்கு வந்த ஒருவரைக் காட்டச் சொன்னால், சார்ட் அட்டை விற்கிற கடைக்காரரைத்தான் காட்டுவேன். நான் படியில் கால் வைக்கும்போதே, “இந்த வாரம் என்னங்க டீச்சர், மேகமா, பட்டாம்பூச்சியா?” என்று கேட்கிறார். பாடத்திட்டம் என்னைவிட அவருக்கு மனப்பாடம். தெர்மோகோல், மினுமினுப்புத் தாள், ஸ்கெட்ச் பேனா, இருபக்கம் ஒட்டுகிற டேப் எல்லாவற்றையும் கட்டிக் கொடுத்துவிட்டு, “பில்லு போடட்டுங்களா?” என்று சிரிப்பார். பில்லை வாங்கி யாரிடம் நீட்டுவது என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

பாடத்தில் வரும் கலைச்சொற்களைப் பிள்ளைகளுக்கு விளையாட்டாகச் சொல்லிக்கொடுங்கள் என்று எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் சொல்கிறார்கள். நல்ல பேச்சுதான். பிள்ளை சிரித்துக்கொண்டே படித்தால் எனக்கு என்ன நஷ்டம்? விளையாட்டின் மேல் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. அந்தப் பேரில் நடக்கிற கைவேலையைப் பார்த்துத்தான் வயிறு எரிகிறது. சமையல் முடித்து, பாத்திரம் கழுவி, ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்து வெட்டுவது நான். ஒட்டுவது என் வீட்டுக்காரர். மறுநாள் பிள்ளை அதைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும். இதில் விளையாடியது யார்?

நீர்ச்சுழற்சிப் பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆவியாதல், ஆவி சுருங்குதல், மழைப்பொழிவு என்று மூன்று சொல். மூன்றையும் பெரிதாக எழுதி, மூன்று கிரீடம் செய்து, மூன்று பிள்ளைகள் தலையில் வைத்தோம். ஒருத்தி சூரியன். இரண்டு பேர் நீலத் தாவணியைப் பிடித்து அசைத்தார்கள், அது கடலாம். ஒகேனக்கல்லுக்கு இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு கடலுக்கு ஏன் போனோம் என்று கேட்காதீர்கள், சார்ட்டில் கடல்தான் இருந்தது. கைதட்டல், போட்டோ, குழுவில் பகிர்வு, நாலு பூங்கொத்துப் படம், ‘அருமை மேடம்’. அடுத்த வாரம் வகுப்பில், “ஆவியாதல்னா என்ன?” என்று கேட்டேன். மொத்த வகுப்பும் ஒரே திசையில் கை நீட்டியது. “அதோ டீச்சர், அவன்தான்!”

அவனும் எழுந்து நின்றான், பெருமையாக.

பிள்ளைகள் மேல் தப்பே இல்லை. விளையாட்டு எதைச் சொல்லிக்கொடுத்ததோ அதைச் சரியாகப் படித்திருக்கிறார்கள். யார் சூரியன், யார் மேகம், யார் எப்போது சுற்றி ஓட வேண்டும் என்பது அவர்களுக்கு இன்றைக்கும் தெரியும். அந்தச் சொல் மட்டும் மாப்பிள்ளை அழைப்பு மாதிரி மேளதாளத்தோடு வந்து, மறுநாள் காலையில் ஊரைவிட்டே போய்விட்டது. அதற்கு அப்புறம் அந்த வாரம் முழுக்க யாராவது ‘ஆவியாதல்’ என்று வாயைத் திறந்தோமா? நானே திறக்கவில்லை. ஈரத் துணி கொடியில் காயும்போது, “காஞ்சிடுச்சா பாரு” என்றுதான் சொன்னேன். அதுதானே வழக்கம். பேச்சில் புழங்காத சொல் சுவரில் மட்டும் எத்தனை நாள் உயிரோடு இருக்கும்?

சரி, மேகத்துக்காவது படம் உண்டு. என் பெரிய மனக்குறை வேறு. படமே போட முடியாத சொற்கள் இருக்கின்றனவே, அவற்றின் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. வகைப்படுத்துக. ஒப்பிடுக. வேறுபடுத்துக. காரணம் கூறுக. உற்றுநோக்கி எழுதுக. தமிழ், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் கேள்வி இந்தச் சொற்களில்தான் வருகிறது. அமெரிக்காவில் இசபெல் பெக், மார்கரெட் மெக்கியோன், லிண்டா குகன் என்ற மூன்று பேர் 2002-ல் எழுதிய புத்தகத்தில் சொற்களை மூன்று அடுக்காகப் பிரித்தார்கள். வீட்டில் தானாக வருகிற சொல் ஓர் அடுக்கு. ஒரு பாடத்துக்கு மட்டுமே உரிய சொல் இன்னோர் அடுக்கு. இரண்டுக்கும் நடுவில், எல்லாப் பாடத்திலும் வந்து நிற்கிற பொதுச் சொற்கள். அந்த நடு அடுக்கில்தான் வாத்தியார் அதிகம் மெனக்கெட வேண்டும், ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப வேறு வேறு இடத்தில் புழங்கவிட வேண்டும் என்பது அவர்கள் கட்சி. நம் ஊரில் சுவர் முழுக்க ஒளிச்சேர்க்கையும் நீர்ச்சுழற்சியும் தொங்குகின்றன. நடு அடுக்குக்கு ஒரு ஆணிகூட அடித்ததில்லை.

அதன் விளைவைப் பார்க்க வேண்டுமானால் பரீட்சைக்கு வாருங்கள். ‘பொருத்துக’ என்றால் எங்கள் பிள்ளைகள் பின்னி எடுப்பார்கள். கோடு போட்டுச் சேர்ப்பதில் மன்னர்கள். ‘கீழ்க்கண்டவற்றை வகைப்படுத்துக’ என்று வந்தால் பேனா நின்றுவிடும். ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண். அவள் அப்பா பாலக்கோடு மார்க்கெட்டுக்குத் தக்காளி போடுகிறவர். விடியற்காலையில் எழுந்து அம்மாவோடு உட்கார்ந்து முதல் ரகம், இரண்டாம் ரகம், பொடி, உடைசல் என்று பார்த்த மாத்திரத்தில் பிரித்துப் பெட்டியில் போட்டுவிட்டுப் பள்ளிக்கு வருகிறாள். கண்ணும் கையும் மின்னல். அந்தப் பெண்தான் ‘வகைப்படுத்துக’ முன்னால் எச்சில் விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தினமும் கையால் செய்கிற வேலைக்குப் புத்தகத்தில் இன்னொரு பெயர் இருக்கிறது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது என் வேலை. எனக்கோ அன்றைக்குத் தெர்மோகோல் வெட்ட வேண்டியிருந்தது.

பட்டுப்புழு வளர்க்கிற வீட்டுப் பையன் கதை இதைவிட மோசம். தருமபுரியில் பட்டுக்கூட்டுக்கென்றே அங்காடி இருக்கிறது, சுற்று வட்டாரத்தில் மல்பெரி போட்ட வீடுகள் எத்தனையோ. அந்தப் பையனுக்குப் புழு எத்தனை தரம் தோல் உரிக்கும் என்று தெரியும், நாலு தரம். தோல் உரிக்கிற நேரத்தில் தீனியைத் தொடாமல் தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் கிடக்கும் என்று தெரியும். எப்போது கூடு கட்டச் சந்திரிகைத் தட்டில் விட வேண்டும் என்பதைப் புழுவின் உடம்பு நிறத்தைப் பார்த்தே சொல்லுவான். இவனை உட்காரவைத்து, பட்டாம்பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சி என்று நான் ஒட்டிக்கொண்டுவந்த அட்டைக்கு வண்ணம் அடிக்கச் சொன்னேன். ‘கூட்டுப்புழு’ என்ற இடத்துக்குப் பச்சை அடித்தான். அடித்துவிட்டு, கூட்டிலிருந்து பூச்சி வெளியே வருகிற படத்தைக் காட்டி, “எங்க வீட்ல இது வராதுங்க டீச்சர். அதுக்கு முந்தியே சந்தைக்குப் போயிடும்” என்றான். வாழ்க்கைச் சுழற்சி என்ற சொல்லுக்கு அந்த வகுப்பில் அன்று கிடைத்த ஒரே உண்மையான விளக்கம் அதுதான். கூட்டை வேகவைத்தால்தான் நூல் அறுபடாமல் வரும், பூச்சி ஓட்டை போட்டு வெளியே வந்தால் நூல் போச்சு, ஆகவே சுழற்சியை நடுவில் வெட்டிவிடுகிறோம் என்று அரை மணி நேரம் பேசியிருக்கலாம். கூட்டுப்புழு, அந்துப்பூச்சி, சுழற்சி மூன்றும் ஏழு ஜென்மத்துக்கும் மறக்காது. “போட்டோ எடுத்தாச்சா டீச்சர்? அனுப்பிட்டீங்களா?” என்று பக்கத்து அறையிலிருந்து குரல் வந்தது. எடுத்தேன். பச்சைக் கூட்டுப்புழு நன்றாகத்தான் விழுந்திருந்தது.

பழைய ஆள் பேசுகிறாள், புதுசு பிடிக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். செயல்வழிக் கற்றல் வந்த காலத்தைப் பார்த்தவர்கள் நாங்கள். 2003 வாக்கில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் எம்.பி. விஜயகுமார் தொடங்கிவைத்து, 2007-ல் மாநிலம் முழுக்க வந்தது. வேர் ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளியில் இருந்தது. ஏணி, அட்டைகள், அட்டையில் மூலைக்கு மூலை சின்னங்கள், பாயில் வட்டமாகப் பிள்ளைகள், தலைக்கு மேல் கம்பியில் அவர்கள் வரைந்த படங்கள். எல்லாவற்றையும்விட, தரையோடு ஒட்டி அவர்கள் கைக்கு எட்டுகிற உயரத்தில் ஆளுக்கொரு கரும்பலகை. அதை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது. பிள்ளை தன் சொல்லைத் தானே எழுதி, தானே அழித்து, மறுபடியும் எழுதியது. அப்புறம் 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையைப் பார்த்துப் பயிற்சி, பாட்டுக்கும் கதைக்கும் பொம்மலாட்டத்துக்கும் தனித்தனிக் களம். யோசனையில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. யோசனை ஒவ்வொன்றும் நல்லதாகவே கிளம்பிவருகிறது. வகுப்பறை வாசலுக்கு வருவதற்குள் அதை ஒரு பொருளாக மாற்றிவிடுகிறோம் நாம். பொருளாக இருந்தால் எண்ணலாம், அடுக்கலாம், வருகிறவருக்குக் காட்டலாம். பிள்ளை வாயில் ஒரு சொல் புழங்குகிறதை எப்படிக் காட்டுவது?

இந்தச் சொற்களுக்குப் பெரியவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. 1916-ல், நம் தருமபுரி மாவட்டம் சேலத்தோடு ஒன்றாக இருந்த காலத்தில், சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் சேர்ந்து அறிவியலுக்குத் தமிழ்ச் சொல் ஆக்க ஒரு கழகமே வைத்தார்கள். அன்றிலிருந்து நூறு வருஷத்துக்கு மேலாகச் சொல் ஆக்குகிறோம், மாற்றுகிறோம், வடமொழி வேண்டுமா வேண்டாமா என்று சண்டை போடுகிறோம். ஒரே வீட்டில் தாத்தாவுக்குப் பிராணவாயு, அப்பாவுக்கு உயிர்வளி, பேரனுக்கு ஆக்சிஜன். சொல் ஆக்கியவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்கள் இல்லாவிட்டால் தமிழில் அறிவியல் பாடமே ஏது? ஆனால் ஆக்கிய சொல் ஆறு வயசுப் பிள்ளையின் நாக்கில் எப்படி ஏறும் என்பதற்குக் கழகம் கூட்டியவர் யார்?

சொல் ஏறவே ஏறாது என்றும் இல்லை. எங்கள் பக்கத்தில் எழுத்தே தெரியாத கிழவியைப் பிடித்து, “உன் பல்லு ஏன் ஆயா இப்படிக் காவி ஏறியிருக்கு?” என்று கேட்டுப் பாருங்கள். “ப்ளோரைடு தண்ணிம்மா” என்பாள். எந்தப் பள்ளியும் சொல்லிக்கொடுக்கவில்லை, எந்தச் சார்ட்டும் தொங்கவில்லை. பல் கறுத்தது, முட்டி வலித்தது, தண்ணீரைச் சோதிக்க ஆள் வந்தார்கள், ஜப்பான் கடனுதவியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வரும் வரும் என்று வருஷக்கணக்கில் ஊரே பேசியது, 2013-ல் திட்டம் தொடங்கியது. அத்தனை பேச்சிலும் அந்தச் சொல் இருந்தது, நாக்கில் ஏறிவிட்டது. வேதியியல் சொல் ஒன்று, அதுவும் வாயில் நுழையாத வேற்றுமொழிச் சொல், இந்த மாவட்டத்தில் களிக்கும் கீரைக்கும் சமமாகப் புழங்குகிறது. ஆக்சிஜனையும் 2021-ல் கொரோனா நேரத்தில் அப்படித்தான் ஊர் படித்துக்கொண்டது. அந்த மாதிரிப் படிப்பு எந்தக் குழந்தைக்கும் வேண்டாம். ஆனால் ஒரு சொல் எப்படி ஒட்டுகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி எதற்கு?

வீட்டுமொழியின் கதை தனி. என் வகுப்பில் தமிழ் பேசுகிற வீட்டுப் பிள்ளை உண்டு, கன்னடம் உண்டு, தெலுங்கு உண்டு. அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்விட, பாட்டியிடம் வளர்கிற பிள்ளைகள் பாதி. நடுவில் சில மாதம் அங்கே போய்விட்டுப் புதுப் பேச்சோடு திரும்பி வருவார்கள். இவர்களுக்குத் தமிழ்க் கலைச்சொல் பெரிய சுமை என்று எல்லாரும் உச்சுக் கொட்டுகிறார்கள். கவனித்துப் பார்த்தால் வேடிக்கை. ‘நீர்’ என்று புத்தகம் சொன்னால் கன்னட வீட்டுப் பிள்ளை சட்டென்று பிடித்துக்கொள்கிறது, அதன் வீட்டில் ‘நீரு’தானே. ‘தண்ணி’ என்றே வளர்ந்த தமிழ் வீட்டுப் பிள்ளைதான் முழிக்கிறது. இந்த மாதிரி ஒரு விஷயத்தை வைத்துக்கொண்டு எத்தனை விளையாட்டு விளையாடலாம்! உங்கள் வீட்டில் இதற்கு என்ன சொல், உங்கள் வீட்டில் என்ன சொல் என்று ஒரு சுற்று வந்தாலே போதும். அதற்குத் தெர்மோகோல் தேவைப்படாது என்பதால் அது துணைக்கருவிக் கணக்கில் சேராது.

பின்னப் பாடத்தில் “தொகுதி எங்கே இருக்கும்?” என்று கேட்டேன் ஒரு நாள். “பென்னாகரம், டீச்சர்” என்றான் ஒருவன். மாவட்டத்தில் ஐந்து சட்டமன்றத் தொகுதி, அதில் பென்னாகரமும் ஒன்று, நான் எப்படித் தப்பு போடுவது? கோட்டுக்கு மேலே இருப்பதும் தொகுதிதான், ஓட்டுப் போடுகிறதும் தொகுதிதான் என்று சொல்லிச் சிரித்துவிட்டு, கோட்டுக்குக் கீழே பகுதி, மேலே தொகுதி என்று நொண்டி விளையாடுகிற கட்டத்திலேயே எழுதிக் குதிக்கவிட்டேன். ‘நாலில் மூணு’ என்று கத்தினால் மூணு மேல் கட்டத்தில், நாலு கீழ்க் கட்டத்தில். குதிக்கும்போது கட்டத்தின் பெயரைக் கத்த வேண்டும், கத்தாதவர் அவுட். செங்கல் துண்டு ஒன்றுதான் செலவு. புழுதி கிளம்பியதில் போட்டோ தெளிவாக வரவில்லை.

காலை உணவு வந்த பிறகு எனக்கு ஒரு வசதி. 2023 ஆகஸ்டிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளியிலும் காலையில் உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ வருகிறது. பாத்திரத்து மூடியைத் திறந்தால் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர். “இது எங்கிருந்து வந்துச்சு? யார் ஊத்துனாங்க?” என்று கேட்டால் வரிசையே நின்று சண்டை போடுகிறது. ஆவி சுருங்குதல் என்ற சொல்லை அங்கே எடுத்துவிட்டேன். இப்போது மூடி திறந்ததும் யாராவது ஒருவர் கத்திவிடுகிறார்கள். பரிமாறுகிற அக்காவும், “சுருங்குனது போதும், தட்ட நீட்டு” என்கிறார். அந்தப் பேச்சிலிருந்தே ஒரு விடுகதை பிறந்தது, பிள்ளைகளே கட்டியது: அடுப்பேறினால் ஆளைக் காணோம், மூடியேறினால் மறுபடி வந்துடுவேன், நான் யார்? இலக்கணம் உதைக்கிறது, சந்தம் உதைக்கிறது. அவர்களுக்குக் கவலை இல்லை, பக்கத்து வகுப்பையெல்லாம் மடக்கிவிட்டார்கள். விடுகதை போட நம் ஆட்களுக்கு யாராவது பயிற்சி கொடுக்க வேண்டுமா என்ன? ஒரு பொருளின் பெயரைச் சொல்லாமல் அதன் குணத்தை மட்டும் சொல்லி மடக்குவது என்றால், அதுதான் வரையறை எழுதும் பயிற்சி. எங்கள் பாட்டிகள் எல்லாரும் அதில் கைதேர்ந்தவர்கள்.

ஆங்கில வழிப் பிள்ளைகளை மறந்துவிட்டேனே. 2012-13 முதல் எங்களைப் போன்ற அரசுப் பள்ளிகளிலும் அந்தப் பிரிவு வந்தது. இரண்டு ஆசிரியர் பள்ளியில் பிரிவு என்பது பதிவேட்டில்தான். பிள்ளைகள் ஒரே பாயில்தான் உட்காருவார்கள். ஒருவனுக்கு ஆவியாதல், பக்கத்தில் இருப்பவனுக்கு ‘இவாப்பரேஷன்’. இரண்டுக்கும் தனித்தனிக் கிரீடம் வெட்ட வேண்டும். பெங்களூரிலிருந்து போன் போட்டு, “எங்க பையன் இங்கிலீஷ்ல பேசுறானா மேடம்?” என்று கேட்கிற அப்பாவிடம், உங்கள் பையன் மூடியடியில் உள்ள தண்ணீருக்குக் காரணம் சொன்னான் என்றால், “அது சரிங்க, இங்கிலீஷ்?” என்கிறார். அவர் கஷ்டம் அவருக்கு. தார்ரோட்டில் மெத்துமெத்தென்று தனியார் பள்ளிப் பேருந்து ஊருக்குள் வந்துபோவதை அவர் அம்மா தினமும் பார்த்துவிட்டு அவரிடம் சொல்கிறாள். அங்கே மட்டும் என்ன வாழ்கிறது? கலைச்சொல்லுக்கு ஒரு மாதிரி செய்து வா என்று பெற்றோர் தலையில் கட்டிவிடுகிறார்கள். தருமபுரி டவுனில் இருக்கிற என் நாத்தனார் ராத்திரி ஒன்பது மணிக்குச் சூரியக் குடும்பத்துக்குப் பந்து தேடி அலைந்தாள். சனிக்கு வளையம் ஒட்டியது அவள். மார்க் வாங்கியது மகன்.

தக்காளிப் பெண்ணை அப்படியே விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். கொட்டை எடுக்காத புளி, கொட்டை எடுத்த புளி, புளியங்கொட்டை, பொத்தான், கூழாங்கல், காய்ந்த அவரை என்று ஒரு முறம் நிறையக் கொட்டி, “வகைப்படுத்து” என்றேன். அந்த ஒரு சொல் மட்டும்தான், விளக்கம் கிடையாது. முழித்தாள். “காலையில தக்காளிய என்ன பண்ணுன?” “தரம் பிரிச்சேன்.” “அதேதான், ஆரம்பி.” ஆரம்பித்தாள். பள்ளி முழுக்க அந்த முறத்தைச் சுற்றி. ஒருத்தி நிறத்தால் பிரித்தாள், ஒருவன் தின்னலாம் தின்னக்கூடாது என்று பிரித்தான், இன்னொருவன் முளைக்கும் முளைக்காது என்று. புளியங்கொட்டை எந்தப் பக்கம் என்று அடிதடி வரைக்கும் போனது, வறுத்தால் தின்னலாமாம். ‘நீ எதை வச்சு வகைப்படுத்துன?’ என்று அவர்களே ஒருவரையொருவர் கேட்க ஆரம்பித்தார்கள்.

முடிவில் அந்தப் பெண் நிமிர்ந்து, “ரெண்டும் ஒண்ணு இல்லீங்க டீச்சர்” என்றாள். எந்த ரெண்டும்? “தரம் பிரிச்சா ஒண்ணு ஒசத்தி, ஒண்ணு மட்டம், வெல மாறும். வகைப்படுத்துனா ஒசத்தி மட்டம் இல்ல, வேற வேற, அவ்ளோதான்.”

எனக்குப் பேச்சே வரவில்லை. இதை அப்படியே எழுதி அனுப்பலாம் என்று செல்பேசியை எடுத்தேன். நிரப்பி அனுப்ப வேண்டிய படிவத்தில், மாணவர் கலைச்சொல்லை அறிந்துள்ளாரா என்று ஒரு கட்டம் இருந்தது. அவள் சொன்னதை எங்கே எழுதுவது என்று மேலிடத்தில் கேட்டேன். “எழுதறதுக்கெல்லாம் எடம் கெடையாது மேடம். ஆம், இல்லை, ரெண்டுல ஒண்ண அமுக்குங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள. அப்புறம், அந்தப் போட்டோல துணைக்கருவி எதுவுமே தெரியலையே, வெறும் முறம்தான் இருக்கு, வேற இருந்தா அனுப்புங்க” என்றார்கள்.